நைட்ரஜன் சேர்த்தால் மீத்தேன் ஏன் கூடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாயுக் கலத்தில் கொஞ்சம் மீத்தேன் எடுத்து எஃப்டிஐஆர் கருவியில் (வாயு எந்த அகச்சிவப்பு அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தோம். அப்புறம் அதே கலத்தில் நைட்ரஜன் விட்டு, ஒரு வளிமண்டல அழுத்தம் வரை கொண்டுவந்தோம். மீத்தேனைக் கூட்டவே இல்லை, ஆனாலும் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உள்ள மீத்தேனின் உறிஞ்சல் பட்டை உயர்ந்துவிட்டது. நைட்ரஜன் அகச்சிவப்பை உறிஞ்சாது என்றுதானே படித்தோம்?
– எம்.எஸ்ஸி மாணவி, காரைக்குடி

பதில்: நீங்கள் படித்தது சரி, பார்த்ததும் சரி. உறிஞ்சுவது மீத்தேன்தான், நைட்ரஜன் அதை இடிக்க மட்டுமே செய்கிறது. ஆனால் அந்த இடி சாதாரணமானதல்ல: ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் மூலக்கூறு நானோ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிம்மதியாக அதிர முடியாது, அதற்குள் யாராவது வந்து மோதிவிடுகிறார்கள். அதிர்வு இப்படி அறுந்து அறுந்து போனால் அதன் அதிர்வெண் துல்லியமாக இருக்காது, அந்தப் பட்டைக்குள் நெருக்கமாக இருக்கும் மெல்லிய உறிஞ்சல் கோடு ஒவ்வொன்றும் அகன்றுவிடும். 1906-லேயே டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்.

அளவைப் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் மீத்தேன் கோட்டின் அரை அகலம் சுமார் 0.005 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்று அதிர்வெண்ணைச் சொல்லும் அலகு), ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 0.06. முதலில் கோட்டின் நடுவில் இருந்த ஒளி கிட்டத்தட்ட முழுக்கத் தீர்ந்துபோயிருக்கும், அங்கே இன்னும் உறிஞ்ச ஒன்றுமில்லை. கோடு அகன்றதும் இரண்டு பக்கமும் தொடாமல் கிடந்த ஒளியையும் அதே மூலக்கூறுகள் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கருவியோ, பெரும்பாலான கல்லூரிகளில் உள்ளதுபோல, 1 அல்லது 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் (கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய இடைவெளி) ஓடியிருக்கும். தனிக்கோடு அதன் கண்ணில் படாது, மொத்தம் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதுதான் படும். அதனால்தான் பட்டை உயர்ந்தது. 0.005 பிரிதிறன் உள்ள கருவியில் இதையே செய்திருந்தால் நேர் எதிராக, கோடு உயரம் குறைந்து அகலமாவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்குக் கருவியின் கண்ணாடி ஒளிப்பாதையில் ஒரு மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும்படி நகர வேண்டும், மேசைக் கருவியில் நடக்கிற காரியமில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: அளவீட்டு வரைபடம் போடும்போது ஒவ்வொரு மாதிரியையும் நைட்ரஜனால் ஒரே மொத்த அழுத்தத்துக்கு நிரப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் மாறியதை மீத்தேன் கூடியதாக எழுதிவிடுவோம், ஆய்வேட்டில் அது அப்படியே நிற்கும்.

கேள்வி: எங்கள் கண்மாய்ப் பாசன வயல்களிலிருந்தும் மீத்தேன் வருகிறது என்கிறார்கள். தரையிலிருந்து சூரியனைப் பார்த்து அளக்கும் கருவிக்கு, அந்த வாயு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அதே கோட்டின் அகலம்தான் சொல்கிறது! உயரே போகப் போக அழுத்தம் குறையும், சுமார் 5.5 கி.மீ.க்கு ஒருமுறை பாதியாகும். தரைக்கருகில் உள்ள மீத்தேன் அகன்ற இறக்கைகளையும், உயரத்தில் உள்ளது நடுவில் கூரான குழியையும் உண்டாக்கும். பதிவாவது இரண்டும் சேர்ந்த வடிவம். வாயுக்களின் உறிஞ்சல் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஹிட்ரான் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் காற்றில் ஏற்படும் அகலமும், வெப்பநிலையால் அது மாறும் விதமும் இருக்கின்றன. அவற்றை வைத்து, அடுக்கடுக்காக எவ்வளவு வாயு என்று பிரிக்கிறார்கள். கிடைப்பது ஓரிரண்டு தடித்த அடுக்குகள்தான், உங்கள் வயலை மட்டும் தனியாகக் காட்டாது. சுமார் 17, 18 கி.மீ.க்கு மேலே மோதல் அவ்வளவு குறைந்துவிடுவதால், மூலக்கூறுகளின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் அகலமே மேலோங்கிவிடும். அங்கிருந்து அகலத்தை வைத்து உயரம் சொல்வது மேலும் மேலும் கடினம்.