பக் வாங்கலாமா, டாஷண்ட் வாங்கலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரை திருநகரில் இருக்கிறோம். தரைத்தள வீடு, பின்னால் கொஞ்சம் மண்தரையும் ஒரு முருங்கை மரமும் உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போனால் திரும்ப மாலை ஆறு மணி ஆகிவிடும். பகல் முழுக்க அத்தை மட்டும் தனியாக இருக்கிறார். அவருக்குத் துணையாக ஒரு சின்ன நாய் வாங்கலாம் என்றிருக்கிறோம். கணவருக்கு ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் வந்த பக் மேல் ஆசை. எட்டு வயது மகள், நீள உடம்பும் குட்டைக் கால்களுமாக இருக்கும் டாஷண்ட்தான் வேண்டும் என்கிறாள். அத்தை, "எதுவானாலும் சரி, ஓயாமக் குரைக்கக் கூடாது" என்கிறார். ஏசி படுக்கையறையில் மட்டும்தான், அதுவும் இரவில்தான் போடுவோம். எதை வாங்கலாம்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

அத்தை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பக்தான் பொருத்தம். சீனத்து அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே வளர்த்த இனம். அதிகம் குரைக்காது, குழந்தைகளிடம் முரண்டு பிடிக்காது. குணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். காரணம், கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஏசி விஷயம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் சூடு தணியும். நசுங்கிய மூக்கை வைத்துக்கொண்டு மூச்சுவிடவே சிரமப்படும் பக்கால் அது சரியாக முடிவதில்லை. எல்லோரும் ரசிக்கும் அந்தக் குறட்டைகூட மூச்சுப்பாதை குறுகியிருப்பதன் சத்தம்தான். நாயின் இயல்பான உடல்வெப்பம் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்; 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் 40ஐத் தொடுகிறது. பகல் இரண்டு மணிக்கு அந்த நாய் மூச்சுத் திணறினால் அத்தை என்ன செய்வார்? ஏழெட்டு கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓட முடியுமா? 2003இல் வந்த விளம்பரத்தில் அது சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனது. மதுரையின் மே மாத மதியத்தில் அப்படிப் போகவிடுவது கொடுமை. கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

டாஷண்ட் ஜெர்மனியில் பேட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே போய் வேட்டையாட உருவான நாய். மண்ணுக்கடியில் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்ததால் பிடிவாதம் அதிகம். மேலே நிற்கும் ஆளுக்குக் கேட்க வேண்டும் என்பதால் உடம்புக்கு மீறிய குரல். பழக்கினால் குறையும், முழுக்கப் போகாது. இதை அத்தையிடம் மறைக்காதீர்கள். வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் நடத்திக் கூட்டிவந்தால் பகலில் பெரும்பாலும் தூங்கும். அப்புறம், தனியாக இருக்கும் பெரியவருக்கு, வாசலில் ஆள் வந்தால் குரல் கொடுக்கிற நாய் நல்லதுதான். இந்த இனம் பெரும்பாலும் ஒருவரிடம்தான் அதிகம் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அது அத்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

வெயில் பக்கைப் படுத்துவது போல டாஷண்ட்டுக்கு முதுகு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) விலகி, பின்னங்கால்கள் செயலிழப்பது இந்த இனத்தில் அடிக்கடி வரும். உங்கள் வீட்டில் மாடிப்படி இல்லாதது பெரிய நிம்மதி. சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். எடை கூடினால் முதுகுக்குத்தான் கேடு, அதனால் அத்தை பாசத்தில் ஊட்டும் இட்லிக்கு ஒரு கணக்கு வேண்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தப்பாகத் தூக்கினால் வலியில் கடித்தும்விடலாம்.

முருங்கை மரத்தடியை அது தோண்டாமல் இருக்காது. அங்கே பெருச்சாளி வளை இருந்தால் கேட்கவே வேண்டாம், மூக்கை நுழைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கும். தடுப்பூசி போடும்போது எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும்.