கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

கேள்வி: அவிநாசிப் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 41. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 8 வருடம் 10 மாதமாகக் கட்டிங் மாஸ்டர். சம்பளம் 20,000, அதில் பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 13,000. ஆர்டர் இல்லை என்று முப்பது பேரை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தால் 25,000 கொடுத்துக் கணக்கு முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன், வாரம் 2,700 வரும். வாடகை 6,500, மகளிர் குழு லோன் 2,350, பைக் டியூ 3,100 (இன்னும் 7 இருக்கிறது), ஏலச்சீட்டு 5,000 (லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதத்தில் 9 கட்டியாச்சு, இன்னும் எடுக்கவில்லை). பையன் பத்தாவது, பெண் ஐந்தாவது, இரண்டு பேரும் தனியார் பள்ளி. மாமனாருக்குச் சர்க்கரையும் பிரஷரும். வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் காது குத்து, மாமன் சீர் செய்தாக வேண்டும். பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா? ஆறு பவுன் நகையை விற்கலாமா? வீட்டுச் செலவில் எதைக் குறைப்பது?

பதில்: நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது: அந்த ராஜினாமா. அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போட வேண்டாங்க.

இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பெனிகளுக்கு பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன் நான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு இந்த மாதிரிக் கேள்வி நிறைய வருகிறது. பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

தானாக வேலையை விடுவது வேறு, கம்பெனி நிறுத்துவது வேறு. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகக் கணக்காகும் என்பதால் உங்கள் வீட்டுக்காரருக்கு 9 வருடம். முழுச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் நஷ்ட ஈடு மட்டும் 90,000 பக்கம் வரும், நோட்டீஸ் சம்பளம் 20,000 தனி. ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் இரண்டும் போச்சு. ‘மாஸ்டர் எல்லாம் ஸ்டாஃப், தொழிலாளி கிடையாது’ என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். கத்தி பிடித்துத் துணி வெட்டுகிறவர் தொழிலாளிதான். பெயரில் மாஸ்டர் இருப்பதால் அது மாறாது.

கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை பார்த்ததற்குக் கம்பெனி தருகிற பணிக்கொடை, இதில் சேராது. ஐந்து வருடம் முடித்துவிட்டதால், ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவருடைய பணம். கணக்கு எளிது: 13,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 500. அதன் 15 மடங்கு 7,500. ஒன்பது வருடத்துக்கு 67,500. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆக, அவர்கள் நீட்டுகிற 25,000 எங்கே, இது எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காக ஓனரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. திருப்பூரில் இன்றைக்கு நிறுத்தின கம்பெனியே ஆர்டர் வந்ததும் நாளைக்குக் கூப்பிடும். அந்த உறவும் ஒரு சொத்துதான். ‘நிறுத்துவதாக ஒரு கடிதம் கொடுங்க, கணக்கை எழுத்தில் கொடுங்க, வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று நிதானமாகச் சொன்னால் போதும். தரவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீலுக்குச் செலவழிக்கப் பயமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொழிலாளிக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

இனி பிஎஃப். வேலை போனால் பெரும்பகுதியை எடுக்கலாம், மீதிக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டியதால் வரியும் இல்லை. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். 2024-25க்கு அதில் 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடிவாதமாகச் சொல்வது பென்ஷன் பகுதியைப் பற்றி. பாஸ்புக்கில் தனிப் பத்தியாக இருக்குமே, அது. பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் பென்ஷன் உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் 1 வருடம் 2 மாதம்தான் குறைவு. இன்டர்நெட் சென்டரில் ‘எல்லாத்தையும் கிளெய்ம் பண்ணிரலாங்களா’ என்று கேட்டுக்கொண்டே பென்ஷன் பகுதியை எடுக்கிற 10சி படிவத்தையும் சேர்த்து அமுக்கிவிடுவார்கள். அதோடு இத்தனை வருட சர்வீஸும் பூஜ்யமாகிவிடும். இப்போது விட்டுவைத்து, அடுத்த கம்பெனியில் அதே யுஏஎன் எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்து 58 வரை ஓட்டினால் ஏறக்குறைய 25 வருட சர்வீஸ். இன்றைய 13,000 கணக்கிலேயே மாதம் 4,600க்குக் குறையாது. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் 17 வருடம், 3,150. அவருக்குப் பிறகு மனைவிக்கு வருவதும் இதிலிருந்துதான். அதனால் அடுத்த வேலைக்குப் பேசும்போது ‘பிஎஃப் பிடிக்காம முழுசாக் கையில தர்றோம்’ என்கிற இடத்துக்குக் கொஞ்சம் யோசித்துப் போகச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், இதில்தான் பாதி கிளெய்ம் திரும்பி வருகிறது: ஆதாரில் ‘பழனிச்சாமி’, பிஎஃப்பில் ‘பழனிசாமி’. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு எழுத்து கூடியிருக்கும். கம்பெனியோடு முகம் முறியாமல் இருக்கும்போதே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வேலையை விட்ட தேதியையும் அவர்கள் பதிவு செய்ய வேண்டும்.

மாமனார் மாத்திரைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ பிடித்திருப்பார்கள், அது வேலை போன அன்றே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர். உங்கள் வீட்டுக்காரர் வருமானத்தை நம்பி இருக்கிற மாமனாரும் இதில் வருவார். டிஸ்பென்சரியிலேயே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். இஎஸ்ஐயில் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு திட்டமும் உண்டு. வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே தடவை. உங்கள் கணக்குக்குச் சுமார் 30,000 வரும். அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். ராஜினாமா என்று இருந்தால் இங்கேயும் கேள்வி வரும்.

சரி, வீட்டுச் செலவு. ‘எதைக் குறைப்பது’ என்று கேட்கிற எல்லோரும் காபித்தூளில் ஆரம்பிப்பார்கள். உங்கள் கணக்கையே பாருங்கள்: வாடகை, குழு, சீட்டு, பைக் நான்கும் சேர்ந்து 16,950. உங்கள் வருமானம் மாதம் 10,800. அடுப்பே பற்ற வைக்காவிட்டாலும் ஆறாயிரம் துண்டு விழுகிறது. இந்த வீட்டில் சாப்பாட்டைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. அதை விடாமல் வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் அரிசியும் பருப்பும் சாதம், ஒரு நாள் கொள்ளுப் பருப்பு என்பதெல்லாம் நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் மட்டும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போய், இருநூறு ரூபாய்க்கு மேல் வீணாகக் கூடும்.

வெட்ட வேண்டியது சீட்டையும் பைக்கையும். கிராஜுவிட்டி வந்ததும் முதலில் பைக் லோனை முடியுங்கள். ஏழு டியூ 21,700. முன்கூட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி இல்லாமல் அவர் வேலை தேட முடியாது, அதனால் விற்கச் சொல்ல மாட்டேன். சீட்டை இப்போதே ஏலத்தில் தள்ளி எடுக்க ஆசை வரும். எடுத்தால் அன்றைக்குக் கையில் காசு, அப்புறம் மீதி மாதமெல்லாம் கட்டியே தீர வேண்டிய கடன். வருமானம் இல்லாதவர் அதைச் செய்யக்கூடாது. இதுவரை கட்டியதைக் கொடுத்து உங்கள் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக்காரரிடம் பேசுங்கள். எடுக்காத சீட்டு, ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டியது. வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும். பதிவு செய்த சீட்டாக இல்லாமல் தெருச் சீட்டாக இருந்தால் கொஞ்சம் நஷ்டப்பட்டாவது சீக்கிரம் வெளியே வந்துவிடுங்கள்.

இந்த இரண்டும் போனால் வாடகையும் குழுவும் 8,850 மட்டும். உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை, வாடகை மாதத்துக்கு ஒரு தடவை. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தைக்குப் போவதற்கு முன்னாலேயே 2,200ஐ எடுத்துத் தனியாகப் போட்டுவிடுங்கள். மீதி 500ல் வாரம் ஓடாதுதான். ஓடாத அந்தப் பகுதிக்குத்தான் இஎஸ்ஐ பணமும் கிராஜுவிட்டி மிச்சமும். நஷ்ட ஈடு வந்தால் அது ஆறு மாதத்துக்கு அரண். மகளிர் குழுவில் தவணைக்கு முந்தின நாள் சொல்லாமல் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். நீங்கள் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், அவர்களும் உங்களைப் போலத்தான்.

நகையை விற்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு என்று அடகும் வைக்க வேண்டாம்; அப்படி வைத்தது திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக் கட்டணம் போல ஒரு தடவைச் செலவு நெருக்கினால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ ஒரு பவுனை மட்டும் வையுங்கள். ‘ரெண்டு வட்டிதான்’ என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு 24. வங்கியில் அதில் பாதிக்கும் கீழே.

பையனைப் பத்தாவதில் இடம் மாற்ற வேண்டாம், கட்டணத்தைப் பிரித்துக் கட்டக் கேளுங்கள். பெண்ணுக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. மருத்துவம், இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், புதுமைப் பெண் திட்டத்து மாதம் 1,000க்கும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாவதில் மாற்றினால் அந்தத் தகுதி இல்லை. வரும் ஜூனில் ஆறாவதுக்கு மாற்றுவதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்காமல் யோசியுங்கள்.

கடைசியாக மாமன் சீர். உங்கள் கடிதத்தில் அதிகக் கலக்கம் இதில்தான் என்று தோன்றியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோது, எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார். அந்த இரண்டு மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று வட்டிக்கு வாங்கி மொய் எழுதினார். வேலை போனதால் பட்ட கடனைவிட, போனதை மறைக்கப் பட்ட கடன்தான் அவரை நான்கு வருடம் இழுத்தது. உங்கள் வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் போய்ச் சொல்லட்டும். நீங்கள் போனில் சொல்வது வேறு மாதிரி ஆகிவிடும். மடியில் உட்கார வைத்துக் காது குத்த மாமன் வேண்டும், அது அவர் இருக்கிறார். துணியும் தேங்காய் பழத் தட்டும் வைகாசிக்கு, பவுன் அடுத்த வருடம். கூடப் பிறந்தவள் இதற்கு மேல் கேட்க மாட்டாள்.

சனிக்கிழமைக்குக் கையில் எடுத்துப் போக வேண்டியவை: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ கார்டு, யுஏஎன் எண், வேலையில் சேர்ந்த தேதிக்கு ஏதாவது ஒரு ஆதாரம். பழைய ஐடி கார்டு இருந்தால்கூடப் போதும். கார்டைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செக்கிங்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நீங்களும் கூடப் போங்க, அம்மணி.