மருத்துவமனையைத் தொடங்கியது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் மடங்களை எட்டாம் ஹென்றி ஒழித்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்மித்ஃபீல்டில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைப் பார்த்தேன். வாசலின் மேலே அதே ஹென்றியின் சிலை! மருத்துவமனையை நிறுவியவரே அவர்தான் என்று கூட வந்தவர் சொன்னார். மடங்களை அழித்தவரா இதைக் கட்டினார்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அந்தச் சிலை 1702இல் வைத்தது. மருத்துவமனையோ ஹென்றி பிறப்பதற்கு 350 வருடங்களுக்கும் முன்பே வந்துவிட்டது.

தொடங்கியவர் ராஹியர், பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னர் முதலாம் ஹென்றியின் அரசவையில் இருந்தவர். ரோமுக்கு யாத்திரை போன இடத்தில் நோயில் விழுந்தார். பிழைத்தால் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டுவதாக நேர்ந்துகொண்டார். திரும்பும் வழியில் இயேசுவின் சீடரான புனித பார்த்தலோமியூ காட்சி தந்து இடத்தையும் சொன்னதாக, ராஹியர் பின்னர் தொடங்கிய மடத்தைச் சேர்ந்த ஒருவரே அதே நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். நகரச் சுவருக்கு வெளியே சேறும் சகதியுமாகக் கிடந்த ஸ்மித்ஃபீல்டுதான் அந்த இடம். சந்தை கூடுவதும் அங்கே, குற்றவாளிகளைத் தூக்கிலிடுவதும் அங்கே. 1123இல் மடமும் மருத்துவமனையும் அங்கே எழுந்தன.

சந்தைக்குப் பக்கத்தில் மடமா என்று தோன்றலாம். இது அகஸ்டீனியன் மடம். இவர்கள் ஊரைவிட்டு ஒதுங்கிப் போன துறவிகள் அல்ல. புனித அகஸ்டின் பெயரால் வழங்கும் ஒழுங்கை ஏற்று, சொத்தைப் பொதுவில் வைத்து, ஒன்றாக வாழ்ந்த குருக்கள். அந்த ஒழுங்கு சுருக்கமானது, வளைந்துகொடுப்பது. அதனால்தான் அந்தக் காலத்தில் மருத்துவமனை நடத்தியவர்கள் பலர் அதையே எடுத்துக்கொண்டார்கள். இங்கே நோயாளிகளை மட்டும் பார்க்கவில்லை. ஏழைக் கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை வைத்துக் காப்பாற்றினார்கள். தாய் இறந்துபோனால் பிள்ளையை ஏழு வயது வரை வளர்த்தார்கள். இந்த மடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இவர்கள் சண்டை தெரியாத சாதுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மடத்துக்கும் மருத்துவமனைக்கும் அதிகாரத்தைப் பற்றி நெடுங்காலம் சண்டை. 1133இல் மன்னர் அனுமதித்த பார்த்தலோமியூ திருவிழாச் சந்தையின் சுங்கம் மடத்துக்குப் போனது. துணி வியாபாரிகள் குவிந்த சந்தை அது. 1250இல் கேன்டர்பரி பேராயர் போனிஃபேஸ் மடத்தை ஆய்வு செய்ய வந்தார். எங்களுக்கு லண்டன் ஆயர் இருக்கிறார், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று இவர்கள் மறுக்க, பேராயர் மடத்தின் துணைத் தலைவரை முகத்திலேயே அடித்தார் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் மாத்யூ பாரிஸ் எழுதுகிறார்.

சரி, எட்டாம் ஹென்றி விஷயத்துக்கு வருகிறேன். மடம் 1539இல் மூடப்பட்டது. கட்டடங்களை ரிச்சர்ட் ரிச் என்ற அரசவைப் பெரும்புள்ளி வாங்கினார். மடத்துக் கோயிலின் நீண்ட முன்கூடம் இடிக்கப்பட்டது. பாடற்குழு இருந்த கிழக்குப் பகுதி அந்த வட்டாரத்து மக்களின் வழிபாட்டுக்காகத் தப்பியது. மருத்துவமனையை யாரும் இடிக்கவில்லை, ஆனால் வருமானம் போய்விட்டது. நோயாளிகள் தெருவில் கிடப்பதைப் பார்த்த நகரத்தார்தான் அசைந்தார்கள். 1538லேயே மேயர் ரிச்சர்ட் கிரெஷாம், மருத்துவமனைகளை நகரத்திடம் கொடுத்துவிடுங்கள் என்று மன்னருக்கு மனு எழுதினார். எட்டு வருடங்கள் கழித்து, 1546 டிசம்பரில்தான் ஒப்பந்தம் ஆனது. அடுத்த மாதமே ஹென்றி இறந்தார். செலவில் பாதியை நகரம் ஏற்றது.

ஹென்றி மருத்துவமனையை நகரத்துக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அது கேட்டுக் கேட்டு வாங்கியது. அவரை நிறுவியவர் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ராஹியருக்கும், மருத்துவமனையில் பணிசெய்த பெயர் தெரியாத துறவறச் சகோதர சகோதரிகளுக்கும், மனு எழுதிய நகரத்தாருக்கும் சேரவேண்டிய பெருமை அது.

அடுத்தமுறை போனால் பக்கத்திலிருக்கும் செயின்ட் பார்த்தலோமியூ த கிரேட் கோயிலுக்குள் போய்வாருங்கள். ராஹியரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. வெளியே தெருவோரம் நிற்கும் கல் வளைவு, இடிக்கப்பட்ட முன்கூடத்தின் வாசல்களில் ஒன்று. அதன் மேலே உள்ள டியூடர் (எட்டாம் ஹென்றியின் வம்சம்) கால மரவீடு பின்னாளில் வந்த முகப்புக்குள் மறைந்திருந்தது. முதல் உலகப்போரில் செப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல் வீசிய குண்டு விழுந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.