மான்ட்ரியலில் என் பிரெஞ்சு செல்லுமா?

கேள்வி: சென்னையில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்து பி2 நிலைத் தேர்வில் தேறிவிட்டேன். செப்டம்பரில் மேல்படிப்புக்கு மான்ட்ரியல் போகிறேன். "அங்கே பேசுவது வேற பிரெஞ்சு, நீ படித்தது உதவாது" என்று பயமுறுத்துகிறார்கள். மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். பாடப்புத்தகத்திலும் கட்டுரையிலும் இருப்பது நீங்கள் படித்த அதே பிரெஞ்சுதான். தெருவில் இறங்கினால்தான் காது தடுமாறும்.

நானும் புதுச்சேரியில் படித்த பிரெஞ்சோடு அங்கே போய் இறங்கியவள். முதல் வாரம், பால் எங்கே கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "தெபானர்" என்றார். நான் படித்த வரையில் தெபானர் என்றால் வண்டி நின்றுபோனால் சரிசெய்ய வருகிறவர். பாலுக்கும் மெக்கானிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் அது தெருமுனைக் கடை!

சாப்பாட்டிலும் இதே கதை. பிரான்ஸில் 'தினே' இரவுச் சாப்பாடு. கியூபெக்கில் அது மதியச் சாப்பாடு. இரவுக்கு 'சூப்பே'. யாராவது தினேவுக்குக் கூப்பிட்டால் மணி கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு இனிப்புப் பெட்டியோடு போய் நின்றேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

எண்களுக்குப் பயப்படாதீர்கள், நீங்கள் படித்தவைதான் கியூபெக்கிலும். 70-ஐ 'செப்தாந்த்', 90-ஐ 'நோனாந்த்' என்பவர்கள் பெல்ஜியம், சுவிஸ் பக்கத்துக்காரர்கள்.

உச்சரிப்பில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. செவ்வாய்க்கிழமைக்கு நாம் 'மர்தி' என்போம். அவர்கள் வாயில் அது 'மர்ட்ஸி'. 'நீ' என்கிற 'த்யூ', 'ட்ஸ்யூ' ஆகிவிடும்.

அப்புறம், "ட்ஸ்யூ வியேன் ட்ஸ்யூ?" என்று கேட்பார்கள். ஒரு வாக்கியத்தில் எதற்கு இரண்டு 'நீ' என்று நானும் குழம்பினேன். இரண்டாவது, 'நீ'யே இல்லை. நம் 'வர்றியா'வில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆ'தான் அது. "ஸே ட்ஸ்யூ லுவேன்?" என்றால் 'தூரமா?' அவ்வளவுதான். தமிழ் தெரிந்தவருக்கு இதற்குத் தனியாக இலக்கணம் வேண்டுமா என்ன?

போவதற்கு முன் ரேடியோ-கனடாவின் பிரெஞ்சு ஒலிபரப்பைக் கேளுங்கள். செய்தி சுலபமாகப் புரிந்துவிடும். அரட்டை நிகழ்ச்சிகளில்தான் பயிற்சி. நீங்களும் 'ட்ஸ்யூ' என்று வலிந்து பேச வேண்டியதில்லை, உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியும்.

ஒன்றே ஒன்று. குழந்தைகளை 'கோஸ்' என்று சொல்லும் பிரான்ஸ் வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால், விமானம் ஏறும் முன் உதறிவிடுங்கள். கியூபெக்கில் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எழுத ஆசிரியர் விடமாட்டார்.