பூனைக்கு யார் சாப்பாடு வைப்பார்?

கேள்வி: போன டிசம்பர் லீவில் வீட்டுக்காரர், நான், மகன் (9 வயது), மகள் (6 வயது), மாமியார் (68 வயது) ஐந்து பேரும் தமிழ்நாட்டில் நீலகிரிப் பக்கம் இருக்கிற கோத்தகிரிக்குப் போய் வந்தோம். மாமியாரின் தங்கச்சி மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் இந்தியா போனவர். அதற்குப் பிறகு இப்போதுதான் அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கொண்டார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வழியில் விமான நிலையங்களில் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் இன்னும் உறுத்துகின்றன. இங்கே இலங்கையில் கிளம்பும்போது என்னிடம் எந்த வகுப்புக்குப் படிப்பிக்கிறீர்கள், அதிபர் பேர் என்ன என்றெல்லாம் விசாரித்தார்கள். அங்கே இறங்கியதும் மாமியாரின் விரல் மெஷினில் விழவில்லை. "என்ன வேலை?" என்று இங்கிலிஷில் கேட்டார்கள். அவர் தேயிலைக் கொழுந்து பறித்துக் கூடையில் போடுகிற மாதிரிக் கையால் காட்டினார். எங்கே போகிறீர்கள் என்றதற்கு வீட்டுக்காரர் ஊட்டி பார்க்க என்றார், மாமியார் தங்கச்சியைப் பார்க்க என்றார். உடனே தமிழ் அதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் மாமியாரிடம் "சொந்த ஊர் எது?" என்று மூன்று தடவை கேட்டார். பொகவந்தலாவை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை, "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம்னு சொல்வாரு" என்றார். அதோடு எங்களை அரை மணித்தியாலம் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் மகளிடம், "வீட்டில் பூனை இருக்கா? அதுக்கு இப்ப யார் சாப்பாடு வைப்பா?" என்று கேட்டுவிட்டு எங்களைப் போக விட்டார்கள். பக்கத்து வரிசையில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தோட்டத்து ஆட்கள் என்பதாலா இப்படி? ஏப்ரல் லீவுக்கு மறுபடி போக இருக்கிறோம். என்ன பதில் சொல்ல வேண்டும், அண்ணே?

- ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பூனையை முடித்துவிடுவோம்.

அப்பா பேர், அம்மா பேர், எங்கே போகிறோம், எத்தனை நாள் என்றெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகலாம். அது அதிகாரிக்கும் தெரியும். பூனைக்கு யார் சாப்பாடு வைப்பார் என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைப் பிள்ளை தானாகத்தான் சொல்ல வேண்டும். "பக்கத்து லயத்து அக்கா வைப்பாங்க" என்று உங்கள் மகள் சொல்லியிருந்தால், வீடு இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, இவர்கள் திரும்பிப் போகிற ஆட்கள் என்று அவருக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு வரியில் கிடைத்துவிடும். பதில் சொல்லும்போது பிள்ளை பயந்துபோய் யார் முகத்தைப் பார்க்கிறது என்பதையும் கவனிப்பார்கள். அடுத்தவர் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிக் கூட்டிப் போகிறவர்களும் அதே வரிசையில்தானே வருகிறார்கள். மகள் என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு இப்போது அதுதான் தலையைக் குடைகிறது.

ஹட்டன் டவுனில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற மேசைக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். போய் வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்க வந்து கதை சொல்வார்கள். தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதிய நுவரெலியாக்காரரிடம் என்ன வியாபாரம் என்று கேட்டிருக்கிறார்கள். "கரட், லீக்ஸ்" என்றாராம். லீக்ஸ் என்றால் என்ன என்று விளக்கவே அஞ்சு நிமிஷம் போனதாம். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரிடம், ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று கேட்டார்களாம். சுமார் நாலரைக் கிலோ என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார், முத்திரை விழுந்தது. மேலுக்கு எல்லாம் விசித்திரமாகத்தான் இருக்கும். உள்ளே போனால் திரும்பத் திரும்ப அதே விஷயம்தான்: பாஸ்போட்டில் இருக்கிற ஆள் நீதானா, பிள்ளைகள் உன்னுடையவையா, திரும்பிப் போவாயா, பெட்டியில் என்ன. நேராகக் கேட்டால் எல்லோரும் தயாராக வைத்திருக்கிற பதிலைச் சொல்வார்கள் என்பதால் சுற்றி வந்து கேட்கிறார்கள்.

உங்கள் அதிபர் பேரைக் கேட்டதும் இந்த வகைதான். அதோடு அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் வெளிநாடு போவதற்கு அனுமதி எடுத்திருக்க வேண்டும், பள்ளிக்கூட லீவாக இருந்தாலும். அந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள்.

இனிப் பேர் விஷயம். நம்மில் பலர் தடுக்கி விழுகிற இடம் இது. உங்கள் ஐந்து பாஸ்போட்டையும் மனதுக்குள் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். வீட்டுக்காரருக்குக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவருடைய அப்பா பேர். உங்களுக்கு உங்கள் அப்பா பேர். பிள்ளைகளுக்கு வீட்டுக்காரர் பேர். மாமியாருக்கு அவருடைய அப்பா பேர். ஐந்து பாஸ்போட்டில் நாலு குடும்பப் பெயர்! நம் ஆட்கள் யாருக்கும் இது புதிரே இல்லை. வடக்கே பிறந்து வளர்ந்து தமிழ்நாட்டு விமான நிலையத்தில் வேலை பார்க்கிற அதிகாரிக்கு, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஆட்கள் கூட்டமாக வந்து நிற்கிற மாதிரித்தான் தெரியும். இதற்கு மேல் எழுத்துப் பிழை வேறு. தோட்டத்துப் பிறப்புகளைப் பதிந்தவர்கள் தமிழ்ப் பேரைக் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதினார்கள், அது பிறகு இங்கிலிஷுக்குப் போனது. செல்லம்மா செல்லமா ஆனார், முத்தையா முத்தய்யா ஆனார். ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரத்தில் அப்பா பேர் மூன்று விதமாக இருப்பதை இந்த மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே கலியாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இங்கிலிஷில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காமல் நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு போவதாக இருந்தால், அவருடைய சம்மதக் கடிதமும் பாஸ்போட் பிரதியும் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. "இது யார்?" என்று மாமியாரைக் காட்டிக் கேட்டால் "அப்பாயி" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பேரன் அப்படித்தான் சொன்னான். அதிகாரி அதை ஒரு பேர் என்று நினைத்துப் பாஸ்போட்டில் தேடோ தேடென்று தேடினாராம். "அப்பாவின் அம்மா" என்று இங்கிலிஷில் சொல்ல மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒன்பது வயதுக்கு அது முடியும். மகளை விட்டுவிடுங்கள், அவள் பூனையைப் பார்த்துக்கொள்வாள்.

மாமியாரின் விரலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இ-விசாவில் போகிறவர்களிடம் இறங்குகிற இடத்தில் கைரேகை எடுப்பார்கள். முப்பது நாற்பது வருஷம் காம்பு கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். என் அம்மாவுக்கும் வங்கியில் இதே கதைதான். ஈரத் துணியால் துடைத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி வைத்தாலும் மெஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டும். அப்படி ஒரு கையைப் பார்க்கிற அதிகாரி என்ன வேலை என்று கேட்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவர் கேட்டவற்றில் அர்த்தமுள்ள கேள்வி அதுதான். மாமியார் காட்டிய பதிலும் அதற்கு ஏற்ற பதில். ஏப்ரலில் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவில் விரல் நுனிக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுங்கள். மெஷினில் வைக்கிற நேரம் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது.

சரி, சொந்த ஊருக்கு வருவோம். உங்களை உட்கார வைத்தது அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்காரருக்குச் சொந்த ஊர் என்றால் தாத்தாவின் ஊர், குலசாமி இருக்கிற ஊர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவரும் "சொந்த ஊர் திருநெல்வேலி" என்பார். இலங்கைத் தமிழ் என்றால் அவர்கள் கேட்டுப் பழகியது யாழ்ப்பாணத்துப் பேச்சு. உங்கள் மாமியார் வாயைத் திறந்ததும் திருச்சி, சேலம் பக்கத்து ஆள் பேசுகிற மாதிரி இருந்திருக்கும். பேச்சு தன் ஊர்ப் பேச்சு, பாஸ்போட் இலங்கைப் பாஸ்போட். அந்தத் தமிழ் அதிகாரி கேட்கத்தான் செய்வார். பொகவந்தலாவை என்ற பதில் அவருக்குப் போதவில்லை. துறையூர் என்றதும் பாஸ்போட்டில் இருக்கிற பிறந்த இடமும் வாயில் வந்த ஊரும் இரண்டாகிவிட்டன.

மாமியார் பொய் சொல்லவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான அந்தச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. அந்தப் பிரிப்பில் அக்கா இங்கே, தங்கச்சி அங்கே. தலைமன்னாருக்குக் கிளம்பிய ரயிலுக்கு நம் சனம் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வைத்தது. அங்கிருந்து இராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. இங்கே இருந்த அக்காவை இந்தியாக்காரி என்றார்கள், அங்கே போன தங்கச்சியைச் சிலோன்காரி என்றார்கள். இந்த இரண்டு பேரில் ஒருவரிடம் போய்ச் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு வார்த்தையில் எப்படிப் பதில் வரும்?

ஆனாலும் கவுண்டரில் ஒரு வார்த்தைதான் எடுபடும். பாஸ்போட்டில் பிறந்த இடம் என்று எது இருக்கிறதோ அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் பொகவந்தலாவை. பதில் தப்பு என்பதால்தான் மறுபடி கேட்கிறார்கள் என்று நம் பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். துரை முன்னால் நின்று பழகிய பழக்கம் அது. கேட்பவர் பதில் மாறுகிறதா என்றுதான் பார்க்கிறார். "தாத்தா எந்த ஊர்?" என்று வெளிப்படையாகக் கேட்டால் அப்போது துறையூரைச் சொல்லலாம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் ஊட்டி என்றார்? சொந்தக்காரர் வீட்டுக்கு என்றால் விசா கிடைக்காது, டூர் என்றால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்திய சுற்றுலா விசாவில் உறவினரையும் நண்பரையும் பார்த்துவிட்டு வருவதும் அடக்கம். சின்னம்மாவைப் பார்க்கப் போகிறோம், கோத்தகிரியில் தங்குவோம், ஒருநாள் ஊட்டிக்கும் போவோம் என்று ஐந்து பேரும் உள்ளதையே சொல்லுங்கள். அந்த வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். போனில் இருக்கிறது என்று இருக்க வேண்டாம், இறங்குகிற நேரத்தில்தான் சார்ஜ் இல்லாமல் போகும்.

படிவத்திலும் விசித்திரம் உண்டு. உங்கள் பாட்டன் பாட்டி பாகிஸ்தான் பிரஜைகளா என்று இந்திய விசாப் படிவம் எல்லோரையும் கேட்கும். மேசைக்கு வந்த ஒரு பாட்டி, "பாகிஸ்தான் எந்தத் தோட்டத்துப் பக்கம், தம்பி?" என்றார். உடம்பில் தெரிகிற அடையாளம் என்ன என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அட்டை கடித்த தழும்பு என்று எழுதியே எனக்குக் கை பழகிவிட்டது.

தமாஷ் எல்லாம் மேசையோடு சரி, அங்கே வேண்டாம். நான் முதல் தடவை போனபோது தொழில் என்ன என்று கேட்டார்கள். படிவம் நிரப்புவது என்றேன். என்ன படிவம் என்றார். "இதோ, உங்க கையில இருக்கிற இதுதான் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஒரு சின்ன அறையில் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆட்கள் என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் முதல் வித்தியாசம் பாஸ்போட். பணக்கார நாட்டுப் பாஸ்போட்டுக்குக் கேள்வி குறைவு, கொழும்பில் பெரிய வீட்டில் இருந்து போகிற இலங்கையருக்கும் நம்மைப் போலத்தான். தோட்டம் என்பது விலாசத்தில் வந்து நிற்கும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்கு வீதியும் இல்லை, பல இடங்களில் வீட்டு நம்பரும் இல்லை. டிவிஷன் பேர், தோட்டத்துப் பேர், அவ்வளவுதான். "வீட்டு நம்பர் என்ன?" என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். நம்பர் போட்டுத் தராதது நம் குற்றமில்லை, அதற்காக அங்கே ஒன்றை உண்டாக்கிச் சொல்லிவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம்.

பெட்டியில் தேயிலைத் தூள் பைக்கற் வைப்பதென்றால் கடைச் சீல் உடைக்காத பைக்கற்றாக வையுங்கள். கோத்தகிரிக்கே தேயிலை கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், ஆனாலும் நம் தூளின் வாசத்துக்காகத் தங்கச்சி கேட்பார். மாமியார் முற்றத்து ரோஜாக் கிளையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். செடி, கிளை, விதைக்கெல்லாம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம், பிள்ளைகளுடைய பாஸ்போட்டில் முடிகிற திகதியை இன்றைக்கே பாருங்கள். பெரியவர்களுடையதற்கு முன்னாலேயே அது முடிந்துவிடலாம். விசாவுக்கு ஆறு மாசமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மார்ச்சுக்கு முன்னால் ஒரு நாள் ஹட்டனுக்கு இறங்குங்கள். மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது, பூனைக் கதையையும் மகள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.