ஏரிக்கரையில ஆஸ்பத்திரி குப்பை

கேள்வி: எங்க ஏரிக்கரையில யாரோ சிரிஞ்சு, ரத்தப் பஞ்செல்லாம் கொட்டிட்டுப் போயிருக்காங்க. இதையெல்லாம் ஆஸ்பத்திரில என்னதாங்க பண்ணணும்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மொதல்ல பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, அந்த ஊசி குத்துனா ஹெபடைடிஸ் பிங்கிற கல்லீரல் நோய் கூட வரலாம். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி வார்டுலயே பிரிச்சிடணும், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில எரிக்கப் போகும், டியூபு, கிளவுஸ், ஊசி கழட்டுன சிரிஞ்சு சிவப்புப் பை, அத நீராவியில கிருமி நீக்கி நறுக்கிருவாங்க, ஊசி மட்டும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுல. ரத்தப் பஞ்சு மாதிரி கழிவ 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. சின்ன கிளினிக்குக்கும் இதே சட்டம்தான், கழிவு எடுக்கற வண்டி வரலன்னு ஏரியில கொட்டறது அநியாயம். பையில பார்கோடு இருந்தா தெரியற மாதிரி போட்டோ எடுத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு குடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் குடுக்கலாம்.