முட்டையை விடுங்கள், இடத்தைக் காப்போம்: வன்னிக் கரையிலிருந்தும் குளக்கட்டிலிருந்தும் வாசகர் கேள்விகள்

மாரி ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்கும் நாள் தொடங்கி, சோளகக் காற்று அடங்கும் வரை எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைதான்: "முட்டை கண்டோம், எங்கே கொண்டுபோய் வைப்பது?" எங்கேயும் வேண்டாம் என்பதே அநேகமாக என் பதில். ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் கரைவலைப் பாட்டுக்கு மேலே காலையில் ஆமை ஏறி இறங்கிய தடம் கிடந்தது. நாய் தோண்டிவிடும் என்று பயம். முட்டைகளை வாளியில் எடுத்து வாடிக்குப் பக்கத்தில் புதைத்துக் காவல் இருந்தால் என்ன? (அளம்பில்)

முதலில் தடத்தைப் பாருங்கள். இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் பதிந்து, அகலம் முக்கால் மீற்றர் அளவில் இருந்தால் வந்தது பங்குனி ஆமை. இரண்டு துடுப்பும் சோடியாக ஒரே நேரத்தில் அழுத்தி, தடம் ஒரு மீற்றர் வரை அகன்று, மேலே ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் பேராமை. ஏறி வந்து, மண்ணைக் கிளறாமல் வளைந்து அப்படியே திரும்பியிருந்தால் அங்கே முட்டையே இல்லை. ஆளரவத்தையோ வெளிச்சத்தையோ கண்டு திரும்பியிருக்கும். அந்த வெறும் தடத்தைத் தோண்டி நாரி முறிகிறவர்கள் நிறையப் பேர்.

முட்டை இருந்தாலும் வாளி வேண்டாம். இட்டு ஒருசில மணித்தியாலம் போனதும் கரு முட்டை ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைச் சற்றுப் புரட்டினாலே கரு பிய்ந்து செத்துப்போகும். வெளியே பார்க்க முட்டை நல்லாகத்தான் இருக்கும். ஐம்பது நாள் காவல் இருந்துவிட்டுத் தோண்டினால் அழுகல் நாற்றந்தான் வரும். இன்னொன்று, கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண் கூடும், கீழே இறங்கினால் ஆண் கூடும். தாய் தேர்ந்தெடுத்த இடத்தின் சூடும் உங்கள் வாடி நிழலின் சூடும் ஒன்றல்ல.

அப்படியானால் என்ன செய்வது? வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். கடலாமையும் அதன் முட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் கையில் முட்டை இருந்தால் பொலிஸ் கேள்வி கேட்கும். அவர்கள் வருமுன் தென்னோலையால் தடத்தை அழித்துவிடுங்கள். முட்டை பொறுக்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது அந்தத் தடம்தான். நாய்க்கு, கூட்டுக்கு மேலே மணலுக்குள் நாலு விரல் ஆழத்தில் மூங்கில் தட்டி ஒன்றைப் படுக்கையாக வைத்து நாலு மூலையிலும் முளை அடிக்கலாம். இடைவெளி ஒவ்வொன்றும் பத்துச் சென்ரிமீற்றராவது இருக்கட்டும், குஞ்சுகள் அதற்குள்ளால் ஏறி வரவேண்டும். அறுந்த நைலோன் வலையை மட்டும் போடாதீர்கள். அது குஞ்சுகளுக்குச் சுருக்கு.

கடல் அரித்து, கூடு நிச்சயம் அள்ளுண்டு போகும் என்ற நிலையில் மாத்திரம் இடம் மாற்றுவார்கள். அதையும் திணைக்களத்தார் செய்யட்டும். பொரித்த குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்துக் காட்டுவதைத் தெற்குக் கரையோரத்தில் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படி ஒன்று தொடங்குவோமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொரித்தவுடன் வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சட்கருவின் பலத்தில்தான் குஞ்சு விடாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகிறது. அந்தப் பலத்தைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டித் தீர்த்துவிட்டால் கடலில் என்ன செய்யும்?

உங்கள் சம்மாட்டியிடம் (வலை முதலாளியிடம்) ஒன்று கேளுங்கள். அந்த இடத்தில் இரண்டு மாதம் வள்ளத்தை இழுத்து ஏற்றாமல், உழவு இயந்திரத்தை ஓட்டாமல் பத்து மீற்றர் விலத்தினால் போதும். முட்டை பொரிக்க 45 முதல் 60 நாள்தான்.

கரையோர வீதிக்குப் புதிதாக வெள்ளை லைற் போட்டிருக்கிறார்கள். ஆமைக் குஞ்சுக்கு அது கூடாது என்கிறார்களே, உண்மையா? (செம்மலை)

உண்மை. குஞ்சு இரவில் வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போகும். இயற்கையில் அது கடல், இப்போது அது வீதி. லைற்றை எடுக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம்; கடல் பக்கத்துக்கு மறைப்புத் தகடு, உயரம் குறைவான கம்பம், மஞ்சள்-செம்மஞ்சள் குமிழ் என்று பிரதேச சபைக்கு எழுதிக் கொடுங்கள். கரையில் நடக்கிறவர்கள் ரோச்சை அணைத்துவிட்டு நடந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். சிறுபோகத்துக்கு உழப்போன வயலில் ஆட்காட்டி நாலு முட்டை இட்டிருக்கிறது. வரம்பில் தூக்கி வைத்தால் வந்து அடைகாக்குமா? (முருங்கன்)

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது இடத்தைத்தான் அடையாளம் வைத்திருக்கிறது. வெறும் மண்ணில் ஒரு சிறு குழி, நாலு முட்டையும் கூர்முனை உள்ளே பார்க்கக் கிடக்கும். கட்டி மண்ணின் நிறம், மேலே கறுப்புத் தீற்றல். இரண்டு அடி தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கண்டதே பெரிய காரியம்.

கலப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று நாலு மீற்றரைத் தாண்டிப் போய்விடுங்கள். சத்தம் போனதும் பறவை திரும்பி வரும். தண்ணீர் கட்டுமுன் அந்தத் திட்டைச் சுற்றிச் சிறு வரம்பு ஒன்று பிடித்துவிட்டால் கூடு அமிழாது. அடையாளத்துக்கு வெள்ளைச் சீலை கட்டாதீர்கள், காகம் அதைப் படித்துக்கொள்ளும். ஐந்து அடி தள்ளி ஒரு தடி போதும்.

இட்டதிலிருந்து நாலு கிழமை அளவில் பொரிக்கும். குஞ்சு அன்றைக்கே எழும்பித் தாயின் பின்னால் ஓடிவிடும். அதுவரை உச்சி வெயிலில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: ஆட்காட்டி வாய்க்காலுக்குப் போய் வயிற்றுச் சிறகைத் தோய்த்துக்கொண்டு வந்து முட்டை மேல் அமரும். சூட்டை அப்படித்தான் தணிக்கிறது.

சரணாலயம், பூங்கா என்று எல்லைக்கல் போட்டுக்கொண்டே போகிறார்கள். குருவிக்காக நாங்கள் தொழிலை விடுவதா? (சுண்டிக்குளம்)

கோபம் நியாயமானது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கமாக்கினார்கள். கல் நடுவதற்கு முன் கரையில் இருப்பவர்களோடு ஒருநாள் இருந்து கதைத்திருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

ஆனால் பறவை கேட்பது எவ்வளவு என்று பாருங்கள். மணல்திட்டில் முட்டையிடும் சிற்றாலா போன்றவை அடைகாக்க மூன்று கிழமை, குஞ்சு பறக்க இன்னும் மூன்று கிழமை. சோளகக் காலத்தில் ஒரு திட்டு, இரண்டு மாதம். அந்தத் திட்டில் மோட்டார் சைக்கிள், நாய், விடுப்புப் பார்க்க வரும் கூட்டம் மூன்றும் போகாமல் இருந்தால் சரி. தோணி பக்கத்தால் போவதில் பிழையில்லை. இதைக் கடற்றொழிலாளர் சங்கமே தீர்மானம் போட்டு, கயிறு கட்டி, பலகை வைத்துச் செய்தால் எல்லைக்கல்லைவிட நன்றாக வேலை செய்யும். எந்தத் திட்டில் எப்போது முட்டை என்று உங்களுக்குத் தெரியும், கொழும்பில் வரைபடம் கீறுகிறவருக்குத் தெரியாது. திணைக்களத்தோடு பேசப் போகும்போது அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பூநாரை இங்கே கூடு கட்டுமா?

இல்லை, இரை மேய வருகிறது. சேற்றைக் குவித்துக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் என்னும் உப்புச் சதுப்பில். இங்கே ட்ரோன் விட்டு எழுப்பிப் படம் எடுக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் நாயாற்றுப் பக்கம் வெட்டையாகக் கிடக்கும் மணலில் சவுக்கும், களப்பு ஓரத்தில் கண்டலும் நடப்போகிறது. எத்தனை அடி இடைவெளி விட வேண்டும்? (முள்ளியவளை, ஆசிரியை)

ரீச்சர், இடைவெளிக்கு முன் ஒரு கேள்வி: அந்த வெட்டை உண்மையில் வெறுமையா? ஆலாவுக்கும் உப்புக்கொத்திக்கும் வெட்டைதான் வீடு. சுற்றிலும் தூரம் வரை தெரிந்தால்தான் அவை முட்டையிடும். சவுக்கு வளர்ந்தால் காகம் அமர உயரமான கொப்பு கிடைக்கும், வேர் மணலை இறுக்கும், ஆமைக்குத் தோண்ட இடமிருக்காது, நிழல் விழுந்து மணலின் சூடும் மாறும். மரம் நட்டால் புண்ணியம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

கண்டல் விடயத்திலும் அவசரம் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நட்டார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வின்படி தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தவறான மட்டத்தில் நட்டது, நட்டபின் திரும்பிப் பாராதது, மாடு மேய்ந்தது என்று காரணங்கள் பல. களப்பு ஓரத்தில் ஏற்கெனவே கண்டல் இருந்து வெட்டுப்பட்ட இடமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்திருந்தால், தண்ணீர் வந்து போகும் வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்து, கட்டாக்காலி மாடு வராமல் தடுத்தால், பக்கத்தில் தாய்மரம் இருக்குமிடத்தில் விதை தானாகவே வந்து ஊன்றும்.

பிள்ளைகளுக்குக் கை வேலை வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. மணல்மேடு அரித்த இடத்தில் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பதியன் வைக்கச் சொல்லுங்கள். மாரி தொடங்கும்போது, கணு மண்ணுக்குள் போகும்படி கொடியைப் படுக்கையாகத் தாட்டால் பிடித்துக்கொள்ளும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது கரையில் அப்படியே பலிக்கும்: காற்று அள்ளிவரும் மணலை அது பிடித்து மேட்டைத் திரும்பக் கட்டும். ஆனால் கடலுக்கும் மேட்டுக்கும் இடையிலுள்ள வெறும் மணலில் நட வேண்டாம், அது ஆமைக்கு. அப்புறம், அறுந்த வலைத்துண்டும் போத்தலும் பொறுக்குவது எப்போதும் நல்லதுதான். கூடு இருக்கும் மாதங்களில் அலை நனைக்கும் ஓரத்தோடு மட்டும் நடந்து பொறுக்குங்கள்.

குளத்து அலைகரை மருதமரங்களில் நாரையும் நீர்க்காகமும் ஏராளமாகக் கூடு வைத்திருக்கின்றன. நாற்றம் ஒரு பக்கம், மரம் படுகிறது, மீனைத் தின்னுது என்று மீன்பிடிக்காரரும் முறைப்பாடு. தறித்துத் துப்புரவாக்கலாமா என்று கமக்காரர் அமைப்பில் கதை வருகிறது. (மல்லாவி)

கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதத்தில் என்பது. சங்குவளை நாரை ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சுக்கு இரண்டு மாதம் இரை ஊட்டும். மாரிக்குப் பின் கூடு வைத்தால் சித்திரை வரை மரம் நிறையக் குஞ்சு. அந்த நேரத்தில் இயந்திர வாளை முழங்கினாலோ, கலைக்க வெடி கொளுத்தினாலோ தாய்கள் எழும்பிவிடும். இறகு முளைக்காத குஞ்சு மதிய வெயிலில் கொஞ்ச நேரம் தாங்காது, முட்டையைக் காகம் பார்த்துக்கொள்ளும். குளத்துத் திருத்த வேலை ஏதும் இருந்தால் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது வையுங்கள். குளக்கட்டு வேலைக்கும் அதுதானே தோதான காலம்.

தறிப்பதற்கு நான் மாட்டேன் என்பேன். தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் நரியும் காட்டுப்பூனையும் ஏறுவது கடினம். அதனால்தான் அந்த மரங்களைத் தேடி வருகின்றன. கரையில் அதே உயரத்தில் வேறு மரம் இருந்தாலும் ஈடாகாது. மீனைப் பொறுத்தவரை, நீர்க்காகம் விழுங்குவது பெரும்பாலும் சிறு மீன். அதன் எச்சம் திரும்பக் குளத்துக்கே உரமாகப் போய்ப் பாசியை வளர்க்கிறது, அந்தப் பாசியைத்தான் உங்கள் திலாப்பியா தின்கிறது. நத்தைகுத்தி நாரை உங்கள் வயலில் நத்தை பொறுக்குவதையும் கணக்கில் சேருங்கள்.

மரம் படுவது உண்மைதான். எச்சம் ஆண்டுக்கணக்கில் விழுந்தால் மருதுகூடத் தாங்காது. பட்ட மரத்தை நிற்க விடுங்கள், பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அதில் சிறகு உலர்த்தும், கூடும் வைக்கும். அதோடு அலைகரையில் இப்போதே மருதங்கன்று, புங்கங்கன்று நட்டு முள்ளு வேலி அடையுங்கள். மாடு வாய் வைக்காத உயரத்துக்கு வந்துவிட்டால் அடுத்த தலைமுறை நாரைக்கு இடம் தயார். நாற்றத்துக்கு என்னிடம் மருந்தில்லை. குளிக்கிற துறையை நூறு மீற்றர் தள்ளிப் போடலாம்.

காணி துப்புரவாக்குகிறோம். செல் விழுந்து தலை போன பனைகள் ஆறேழு நிற்கின்றன. விறகுக்கும் உதவாது, விழுத்திவிடவா? (புதுக்குடியிருப்பு)

வீட்டுக்கும் வழிக்கும் மேலே சாயக்கூடியதை விழுத்துங்கள். மற்றதை விடுங்கள். உக்கிய மொட்டைப் பனையை மரங்கொத்தி துளைக்கும். அந்தப் பொந்தைப் பிறகு கிளி, மைனா, பனங்காடை, ஆந்தை ஒவ்வொன்றாகப் பிடிக்கும். இப்படிப் பொந்துள்ள பழைய மரங்கள் வன்னியில் குறைந்துவிட்டன, புதிதாக நட்ட தேக்கில் பொந்து கிடையாது. விழுத்த வேண்டியதையும் காலை, மாலை தள்ளி நின்று பார்த்து, பறவை போய்வரவில்லை என்று கண்டபின் செய்யுங்கள். மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கும் காணி என்றால் பனையை மறந்துவிடுங்கள், உள்ளே கால் வைக்கக் கூடாது.

தோட்டத்தில் ஆமை ஒன்று வந்தது. மகன் கிணற்றில் விட்டுவிட்டான், தண்ணீர் துப்புரவாகும் என்று அம்மம்மா சொன்னாவாம். சரியா? (விசுவமடு)

ஓடு மேடாக, மஞ்சள் நட்சத்திரக் கோலம் போட்டிருந்தால் உடனே எடுங்கள். அது தரை ஆமை, நீந்தத் தெரியாது. தட்டையான மெது ஓட்டுப் பாலாமை என்றால் தண்ணீரில் இருக்கும், ஆனாலும் கிணறு அதற்கு மறியல்தான். பெண் ஆமைக்கு முட்டையிடக் கரை மண் வேண்டும், கட்டுக் கிணற்றுக்குள் மண்ணுக்கு எங்கே போகும்? வாளியில் அள்ளி, கண்ட இடத்துக்குக் கிட்டிய குளத்து ஓரத்திலோ வாய்க்காலிலோ விடச் சொல்லுங்கள். தோட்டம் கொத்தும்போது வெள்ளையாக, உருண்டையாக முட்டை தட்டுப்பட்டால், புரட்டாமல் அதே மண்ணால் மூடிவிட்டு அந்தப் பாத்தியை இந்தப் போகத்துக்கு விட்டுவிடுங்கள்.